மாட்டுங்கா: இருப்புப்பாதையின் இருபுறமும்

பம்பாய்த் தமிழரைப் பற்றி எவரேனும் பேசத் தொடங்கினால் இரண்டு ஊர்ப்பெயர்கள் உடனே நாவில் எழும். ஒன்று மாட்டுங்கா, மற்றொன்று தாராவி. நகரத்தின் பெயர் 1995ஆம் ஆண்டில் மும்பை என்று மாறிற்று. ஆயினும் நம்மவர் வாயில் பம்பாய் என்னும் சொல் இன்னும் மறையவில்லை. மாட்டுங்காவின் பெயரைச் சொன்னால் காப்பி மணமும் மல்லிகை மணமும் நினைவுக்கு வரும். தாராவியின் பெயரைச் சொன்னால் கேட்போர் சிறிது நேரம் பேசாதிருப்பர். இரண்டிற்கும் இடையே கிடப்பது ரயில் பாதை. நடந்து கடக்கக் கால் மணி நேரமே ஆகும்.

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் பணித்தபோது, நாள்தோறும் வண்டியின் சன்னல் வழியே பார்த்துச் செல்லும் இப்புறநகரின் வரலாற்றையே எழுதலாமென்று துணிந்தோம். நாம் வரலாறு கற்ற புலவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தர். எனினும் மாட்டுங்காவைப் பொறுத்தவரை எழுத்தர் ஒருவர் எழுதுவதே பொருத்தம் என்று தோன்றுகிறது. ஏனெனில், அவ்வூரைத் தமிழ் ஊராக்கியவர்கள் எழுத்தர்களே.

பெயரிலிருந்து தொடங்குவோம். மாதங்கம் என்பது யானை. மாகிமைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பீமராசன் தன் யானைக் கொட்டடியை இவ்விடத்தில் வைத்திருந்தான் என்றும், அதனாலேயே மாட்டுங்கா என்னும் பெயர் வந்தது என்றும் ஊர்வழக்கு ஒன்று உண்டு. வழக்கு என்ற அளவிலேயே இதனை ஏற்றுக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பீரங்கிப் படை இங்கே பாசறை கொண்டிருந்தது. பின்பு படை போயிற்று. நெல்வயலும் தென்னந்தோப்பும் எஞ்சின. கிழக்கே வடாலாப் பக்கம் உப்பளங்கள். 1890ஆம் ஆண்டில் நகராட்சி ஆணையராக இருந்த ஆக்வொர்த் என்பார் வீடற்ற தொழுநோயாளர்க்கு ஒரு புகலிடம் அமைக்க இடம் தேடியபோது, இப்பகுதியே அவர் கண்ணில் பட்டது. அதாவது, நகரம் தன் கண்ணெதிரே வைத்துக்கொள்ள விரும்பாதவற்றைக் கொண்டுபோய் வைக்கும் கொல்லைப்புறமாகவே மாட்டுங்கா நெடுங்காலம் இருந்தது. இதனைப் படிக்கும் மாட்டுங்கா அன்பர்கள் எம்மீது வருத்தம் கொள்ளலாகாது.

கொல்லைப்புறம் முன்வாசலாக மாறியதற்குக் காரணம் ஒரு கொள்ளைநோய். 1896ஆம் ஆண்டு செப்டம்பரில் மாண்டவித் துறைமுகப் பகுதியில் எலிக்காய்ச்சல் என்று நம் முன்னோர் சொன்ன பிளேக் நோயை அக்காசியோ வியேகாஸ் என்னும் மருத்துவர் கண்டறிந்து கூறினார். சில மாதங்களுக்குள் நகரத்து மக்களில் பெரும்பகுதியினர் ஊரைவிட்டு ஓடினர். ஆலைகள் ஆளின்றி நின்றன. 1897ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹாஃப்கின் என்னும் அறிஞர் தாம் கண்ட தடுப்பூசியை முதலில் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டு சோதித்ததும் இந்நகரில்தான். நோய்க்கு மூலம் எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி என்பதை அறியாத அரசினர், காற்றும் ஒளியும் புகாத சந்துகளே காரணம் என்று முடிவு செய்தனர். 1898ஆம் ஆண்டில் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டு என்னும் அமைப்பு சட்டத்தினால் பிறந்தது. பழைய நகருக்குள் சந்துகளை இடித்துச் சாண்டர்ஸ்ட் ரோடு போன்ற அகன்ற சாலைகளை வெட்டுவது அதன் ஒரு வேலை. வடக்கே வயல்களை வாங்கிப் புதுக் குடியிருப்புக்கு வழி செய்வது மற்றொரு வேலை. அவ்வாறு தீட்டப்பட்டதே தாதர்-மாட்டுங்காத் திட்டமும் அதனை அடுத்த சயான்-மாட்டுங்காத் திட்டமும்.

அதே 1898ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்டு என்பவர் தோட்ட நகரங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஊரின் வசதியும் நாட்டுப்புறத்தின் காற்றும் ஒருங்கே கிடைக்கும் சிறு நகரங்களை நிறுவ வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரும் எம்மைப் போல ஓர் எழுத்தரே. பாராளுமன்ற நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்தில் எழுதிப் பிழைத்தவர். அவர் கனவின்படி லெட்ச்வொர்த் என்னும் ஊர் 1903இல் எழலாயிற்று. பம்பாயின் பொறியாளர்கள் அவரை எவ்வளவு படித்தனரோ, நாம் அறியோம். ஆனால் காற்றுக்கும் மரத்துக்கும் இடம் விடும் எண்ணம் அந்நாளில் எங்கும் பரவியிருந்தது.

திட்டம் காகிதத்தில் எழுந்த வேகத்தில் நிலத்தில் எழவில்லை. நிலம் வாங்கவும், பள்ளம் மேடு நிரவவும், சாக்கடை அமைக்கவும் ஆண்டுகள் பல கழிந்தன. இடையில் முதல் உலகப் போர் வந்தது. இருபதுகளிலும் முப்பதுகளிலுமே கட்டடங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. இன்றும் தாதர் பார்சி காலனியிலிருந்து ஐந்து தோட்டங்களைக் கடந்து மாட்டுங்காவுக்குள் நடந்து வருவோர்க்கு அந்தத் திட்டத்தின் தன்மை தானே விளங்கும். தெரு நேராகவும் அகலமாகவும் இருக்கும். தலைக்கு மேல் தூங்குமூஞ்சி மரங்கள் கிளைகோத்து நிற்கும். கட்டடங்கள் பெரும்பாலும் தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடியுமாக, ஒன்றையொன்று நெருக்காது, நாற்புறமும் இடம் விட்டு நிற்கும். பார்சி காலனிக்கு மஞ்சேர்ஜி ஜோஷி என்னும் பொறியாளர் தந்தை போல் இருந்து வளர்த்தார். ஐந்து தோட்டங்கள் அவர் பெயரையே தாங்கியுள்ளன.

தெருப்பெயர்களிலும் ஒரு சுவை உண்டு. பண்டார்க்கர் ரோடு, தெலங் ரோடு, பாவு தாஜி ரோடு என்பனவற்றில் நாம் காய்கறியும் பூவும் வாங்கிக்கொண்டு திரிகின்றோம். பண்டார்க்கர் வடமொழிப் பேரறிஞர். தெலங் உயர்நீதிமன்ற நீதிபதி, கீதையை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பாவு தாஜி மருத்துவர், கல்வெட்டு ஆய்ந்தவர். மூவரும் மராட்டிய நாட்டின் மாணிக்கங்கள். அப்பெயர்களின் மீது நடந்துதான் தமிழர் தம் ஊரைக் கட்டினர்.

இனி, தமிழர் ஏன் இங்கே வந்தனர் என்பதைக் காண்போம். ஜி.ஐ.பி. ரயில்வேயின் பாதை 1871ஆம் ஆண்டில் ராய்ச்சூரில் சென்னை ரயில்வேயின் பாதையோடு இணைந்தது. அன்று முதல் சென்னையில் ஏறி பம்பாயில் இறங்குவது எவர்க்கும் கைகூடிற்று. தஞ்சையிலும் பாலக்காட்டிலும் திருநெல்வேலியிலும் மெட்ரிகுலேஷன் தேறி, தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற இளைஞர்களுக்கு ஊரில் வேலை இல்லை. பம்பாய்க் கோட்டைப் பகுதியில் கம்பெனிகளுக்கோ ஆங்கிலம் அறிந்த எழுத்தர் போதவில்லை. வந்தவர் ஒருவர் தம் மைத்துனரை அழைப்பார். மைத்துனர் தம் ஒன்றுவிட்ட தம்பியை அழைப்பார். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, மடியில் ஒரு சிபாரிசுக் கடிதம். இவ்வாறு வந்தவர்கள் கிர்காமிலும் கோட்டையிலும் சால்களில் ஒண்டியிருந்தனர். டிரஸ்டு நிலத்தில் வீடுகள் எழுந்தபோது அவற்றை வாடகைக்கு எடுத்து நிறைத்தனர்.

மேம்பாட்டு டிரஸ்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க இயலாது. சேரியில் வாடிய ஏழையர்க்கு நல்வாழ்வு தருவதே அதன் பிறப்பின் காரணம் என்று சொல்லப்பட்டது. ஆனால் இடித்த வேகத்தில் அது ஏழைக்கு வீடு கட்டவில்லை. அகலச் சாலையும் மரநிழலும் உடைய புறநகரின் வாடகையைத் தரக்கூடியவர் மாதச் சம்பளம் வாங்கும் நடுத்தர வகுப்பினர் மட்டுமே. சந்துகளிலிருந்து துரத்தப்பட்டவர் வேறு சந்துகளுக்கே போயினர். தோட்டப் புறநகர் எழுத்தருக்கு வாய்த்தது. 1933ஆம் ஆண்டில் அந்த டிரஸ்டு நகராட்சியோடு இணைக்கப்பட்டு மறைந்தது.

மாட்டுங்கா வீட்டின் அமைப்பும் அக்காலத்தில் ஒரு புதுமை. சாலில் ஓர் அறை, நீண்ட தாழ்வாரம், கோடியில் எல்லார்க்கும் பொதுவான கழிப்பிடம். இங்கேயோ ஒரு கதவைச் சாத்தினால் உள்ளே கூடம், சமையலறை, குளியலறை, கழிப்பிடம் யாவும் அடக்கம். இதனை இன்று எவரும் வியப்பதில்லை. ஆனால் கொல்லைக் கோடியில் கழிப்பிடம் வைத்துப் பழகிய ஆசாரக் குடும்பத்தினர், சமையலறைக்குச் சில அடி தொலைவில் அதனை வைத்துக்கொண்டு வாழ்வதா என்று கலங்கினர். காலப்போக்கில் கலக்கம் தீர்ந்தது. இன்று இந்நகர் முழுதும் காணப்படும் அடுக்கு வீட்டு வாழ்க்கைக்கு ஒத்திகை நடந்த இடங்களில் மாட்டுங்கா முதன்மையானது.

டிரஸ்டு தந்தது சாலையும் சாக்கடையும் தோட்டமும். மற்றவையெல்லாம் குடியேறியவர் தாமே ஆக்கிக்கொண்டவை. மாட்டுங்காவின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. சம்பள நாளில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று சந்தா எடுத்து அவர்கள் நிறுவியவற்றை எண்ணினால் மலைப்புத் தட்டும். 1923ஆம் ஆண்டில் ஆஸ்திக சமாஜம் தோன்றிற்று. அதன் கோயிலைக் கொச்சு குருவாயூர் என்று அழைக்கின்றனர். தெலங் ரோட்டில் தென்னிந்திய பஜனை சமாஜம். 1932ஆம் ஆண்டில் எம். வி. வேங்கடேசுவரன் என்பார் ஒரு தொடக்கப் பள்ளியோடு தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினார், எஸ்.ஐ.இ.எஸ். என்று நகரமறிந்த அச்சங்கம் 1960இல் சயானில் கல்லூரியும் கண்டது. 1945ஆம் ஆண்டில் திருவிடைமருதூர் நட்டுவனார் மரபினர் ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலாமந்திரைத் தொடங்கினர். மராட்டியப் பெண்களும் குஜராத்திப் பெண்களும் தமிழ்ப் பதங்களுக்கு அபிநயம் பிடிக்கக் கற்றது இம்மாட்டுங்காவில்தான்.

இசைக்குச் சண்முகானந்தா. சபை 1952இல் தோன்றியது. மண்டபம் 1963இல் திறக்கப்பட்டது. சுமார் 2,700 பேர் அமரக்கூடிய அம்மண்டபம் 1990ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. எட்டாண்டுகள் கழித்து, 1998இல் மீண்டும் திறந்தனர். எரிந்த மண்டபத்தைக் கண்டு கண்ணீர் விட்ட கிழவர் பலரை நாம் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். ஒரு கட்டடத்துக்காக அழுவதா என்று அப்போது எமக்கு விளங்கவில்லை.

கல்விக்கு அண்மையிலேயே வேறு பல நிலையங்களும் வந்து சேர்ந்தன. வி.ஜே.டி.ஐ. என்னும் பொறியியல் நிலையம் 1923இல் மாட்டுங்காவுக்கு இடம் பெயர்ந்தது. ரூயா கல்லூரியும் கால்சா கல்லூரியும் 1937இல் தொடங்கின. வேதித் தொழில்நுட்பத் துறை 1943இல் வந்தது. சிறிய புறநகர் ஒன்றில், நடந்துபோகும் தொலைவில், பாலர் வகுப்பு முதல் பொறியியல் வரை கற்கலாம் என்னும் நிலை அந்நாளில் எத்தனை ஊர்களில் இருந்தது?

உணவைப் பற்றி எழுதாவிட்டால் ஆசிரியர் குழுவினர் எம்மை மன்னியார். கிங்ஸ் சர்க்கிளில் கபே மைசூர் 1936இல் தோன்றியது. ராம் ஆஸ்ரயா 1939இல். கபே மெட்ராஸ் 1940இல். ரயில் நிலையத்துக்கு எதிரே ராம நாயக்கரின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942இல். ஆலங்குச்சி போல் மெலிந்த பிரம்மச்சாரி எழுத்தர்கள் வாழையிலையில் வயிறாரச் சாப்பிட்ட இடங்கள் இவை. ஓர் உண்மையை மறைக்கலாகாது: நம்முடையவை என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் இவ்வுணவகங்கள் பெரும்பாலும் உடுப்பிப் பக்கத்துக் கன்னட அன்பர்களுடையவை. மதராசி என்னும் ஒரே சொல்லால் நம் எல்லாரையும் இந்நகரத்தார் கட்டிப் போட்டமையால், அவர்கள் இட்லியின் புகழ் நமக்கும் வந்து சேர்ந்தது. பாலக்காட்டார், கன்னடர், ஆந்திரர், தமிழர் ஆகிய நால்வரும் ஓர் இலையில் உண்ட ஊர் என்று சொன்னால் பொருந்தும். 1951ஆம் ஆண்டில் மாட்டுங்காவில் தொடங்கிய கிரி டிரேடிங் கடையில் பஞ்சாங்கமும் சுலோகப் புத்தகமும் வாங்காத தென்னாட்டுக் குடும்பம் இந்நகரில் அரிது.

போக்குவரத்து வசதியில் மாட்டுங்காவுக்கு ஈடான புறநகர் குறைவு. மத்திய ரயில்வேயில் மாட்டுங்கா நிலையம்; மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடு; துறைமுகப் பாதையில் கிங்ஸ் சர்க்கிள். ஒரு காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் வரை டிராம் வண்டியும் ஓடிற்று. 1964ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாளோடு இந்நகரில் டிராம் முடிந்தது. மின்சார ரயில் இந்நாட்டில் முதன்முதல் ஓடியது 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவுக்கு. புகைவண்டியை விட விரைந்த அவ்வண்டி வந்த பின்னரே, மாட்டுங்காவில் உண்டு உறங்கிக் கோட்டையில் வேலை பார்ப்பது எளிதாயிற்று. எம் துறை என்பதற்காகப் பெருமை பேசுவதாக எண்ண வேண்டா. மாட்டுங்கா நிலையம் 2017ஆம் ஆண்டு முதல் முற்றிலும் பெண் பணியாளர்களாலேயே நடத்தப்பட்டு, இந்நாட்டில் அவ்வகையில் முதலாவது புறநகர் நிலையம் என்று பதிவு பெற்றது.

இதுகாறும் எழுதியது கிழக்கு மாட்டுங்காவின் வரலாறு. மாட்டுங்காவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வர். நாம் நிலையத்துப் பாலத்தில் ஏறி மேற்கே இறங்க வேண்டியிருக்கிறது.

மேற்கே இறங்கினால் ரயில்வே பணிமனையின் மதில். ஜி.ஐ.பி. ரயில்வே 1915ஆம் ஆண்டில் பெட்டிகளையும் சரக்கு வண்டிகளையும் பழுது பார்க்க நிறுவிய மாட்டுங்காப் பணிமனை சுமார் 35 ஹெக்டேர் பரப்புடையது. அதற்கு அப்பால் லேபர் கேம்ப். அதற்கும் அப்பால் தாராவி. லேபர் கேம்புக்கும் மாட்டுங்கா என்பதே பெயர். மாட்டுங்கா லேபர் கேம்ப் என்றே அஞ்சல் உறையில் எழுதுவர். மராட்டிய மக்கள் கவிஞர் அண்ணாபாவு சாத்தே வாழ்ந்து பாடிய இடம் அது. ஆக, ஒரே பெயர் பெற்ற மாட்டுங்காக்கள் இரண்டு. ஒன்றில் ஐந்து தோட்டம், மற்றொன்றில் தோட்டம் என்ற பேச்சே இல்லை.

தாராவி பழைய மீனவர் ஊர். நகரின் நடுவே நாற்றம் கூடாதென்று தோல் பதனிடும் தொழிலை வடக்கே தள்ளியபோது, மாகிம் கழிமுகத்துச் சதுப்பின் ஓரம் அத்தொழில் வந்து தங்கியது. அத்தொழிலுக்குத் தமிழ்நாட்டிலிருந்து, சிறப்பாகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து, இசுலாமியரும் ஆதிதிராவிடரும் வந்தனர். அவர்களும் சென்னை வண்டியில் வந்து இறங்கியவர்களே. கையில் மெட்ரிகுலேஷன் சான்றிதழ் இருந்தவர் பாதைக்குக் கிழக்கே போயினர். இல்லாதவர் மேற்கே போயினர். அந்தச் சான்றிதழ் யார்க்குக் கிடைத்தது, யார்க்குக் கிடைக்கவில்லை என்பதை ஊரில் தெரு தீர்மானித்திருந்தது.

எம் பாட்டனார் 1943ஆம் ஆண்டில் நெல்லைச் சீமையிலிருந்து வந்து பணிமனையில் கலாசியாகச் சேர்ந்தார். லேபர் கேம்பில் ஆறு பேரோடு ஒரு குடிசையில் இருந்தார். வந்த புதிதில் ஊர்ச்சோற்றின் நினைவு வந்து, சம்பள நாளன்று பாலம் ஏறிக் கிழக்கே சென்று ஒரு சாப்பாட்டு விடுதிக்குள் நுழைந்தாராம். இன்ன விடுதி என்று அவர் சொன்னதில்லை. வாசலில் இருந்தவர் நல்ல தமிழில், "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். இவர் ஊரைச் சொன்னார். "ஊரில் எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வந்தது. தெருவையும் சொன்னார். "சாப்பாடு முடிந்துவிட்டதே," என்றார் அவர். உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டனார் இதனை எமக்குச் சொல்லும்போது சினந்து சொல்லவில்லை. "ஆயிரம் மைல் வந்தாலும் தெரு கூடவே டிக்கெட் இல்லாமல் வந்துவிட்டது," என்று சொல்லிச் சிரிப்பார். ரயில்வேக்காரர் அல்லவா!

ஆயினும் அவர் கிழக்கே போவதை விடவில்லை. இராமநவமி நாட்களில் தெருவில் பந்தலிட்டுக் கச்சேரி நடக்கும்போது, சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்று நாகசுரம் கேட்டுவிட்டு நள்ளிரவில் திரும்புவாராம். எந்த வித்துவான் எந்த ஆண்டு எந்த இராகத்தை ஊதினார் என்று தொண்ணூறுகளிலும் அவரால் சொல்ல முடிந்தது. பந்தலுக்குள் சென்று அமரலாமே என்று எம் தந்தையார் பிற்காலத்தில் சொன்னபோது, "நின்று கேட்டே பழகிவிட்டது," என்றார்.

இதே திட்டத்தின் தெற்குப் பகுதியாகிய தாதர் இந்து காலனியில்தான் டாக்டர் அம்பேத்கர் முப்பதுகளின் தொடக்கத்தில் ராஜகிருகம் என்னும் தம் இல்லத்தைக் கட்டிக்கொண்டார். தம் புத்தகங்களுக்காகவே அவ்வீட்டைத் திட்டமிட்டார். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் அங்கே சேர்ந்தன என்பர். 1940ஆம் ஆண்டு சனவரியில் பெரியார் பம்பாய்க்கு வந்து அவரைச் சந்தித்தார். ஐந்து தோட்டத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் அவ்வீடு இருக்க, மாட்டுங்கா விடுதி வாசலில் தெருவின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்! கிங்ஸ் சர்க்கிளைக் கடந்து செல்லும் பெருஞ்சாலைக்கு இன்று டாக்டர் அம்பேத்கர் சாலை என்றே பெயர்.

கிழக்கே வாழ்ந்தவரை முழுதும் குறைகூற நாம் எழுதவில்லை. காலம் மாறிற்று, சட்டமும் மாறிற்று. 1947ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. கிழக்கிலிருந்து சென்று தாராவிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களை நாமே அறிவோம். எமக்குக் கணக்குச் சொல்லித்தந்தவர் அவருள் ஒருவர். தாராவித் தமிழரும் கை கட்டி நிற்கவில்லை. சங்கம் கண்டனர், கோயில் கண்டனர், நகராட்சித் தமிழ்ப் பள்ளிகளைப் பிள்ளைகளால் நிறைத்தனர், 90 அடிச் சாலையில் காமராசர் பெயரால் பள்ளி எழுப்பினர். கிழக்கே ஒரு ரூபாய்ச் சந்தாவில் நடந்தது மேற்கே நாலணாச் சந்தாவில் நடந்தது. இவ்வளவே வேறுபாடு. ஆனால் கிழக்கின் கணக்குப் புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன. மேற்கின் கணக்குப் புத்தகங்கள் மழையில் போயின.

1966ஆம் ஆண்டில் சிவசேனை தோன்றித் தென்னாட்டவர்க்கு எதிரான கிளர்ச்சி எழுந்தபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. உடுப்பி உணவகத்தின் கண்ணாடியை உடைத்தவர்க்கும், வேட்டி கட்டியவரை ஏசியவர்க்கும் கிழக்கு மேற்கு தெரியவில்லை, எல்லாரும் மதராசியே. நம்மவர் பலர்க்குப் பாதையின் மறுபுறத்தில் தமிழர் இருக்கின்றனர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலும். அக்காலம் கடந்துவிட்டது. மராட்டிய அண்டை வீட்டாரோடு விநாயகர் சதுர்த்தி கொண்டாடாத தமிழ்க் குடும்பம் இன்று இல்லை.

கிழக்கு மாட்டுங்காவின் தமிழ் முகம் மங்கியதற்குக் கிளர்ச்சியை விட வாடகைச் சட்டமே பெருங்காரணம் எனலாம். 1947ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை 1940ஆம் ஆண்டின் அளவில் நிறுத்திவைத்தது. குடியிருப்போர்க்கு அது வரம், கட்டடத்துக்குச் சாபம். வருவாயற்ற வீட்டுக்காரர் கூரை ஒழுகினாலும் ஏறெடுத்துப் பாரார். பகடி என்னும் பெருந்தொகை கைமாறினாலன்றிப் புதியவர்க்கு வீடில்லை. ஓய்வு பெற்ற எழுத்தரின் பிள்ளைகள் மணமானதும் செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் போயினர். செம்பூரில் 1962இல் பைன் ஆர்ட்ஸ் சொசைட்டி தோன்றியதும், சேடா நகரில் திருச்செம்பூர் முருகன் கோயில் எழுந்ததும் இப்பெயர்ச்சியின் அடையாளங்கள். மாட்டுங்காவில் கச்சி நாட்டுக் குஜராத்தியர் பெருகினர். பூக்கடையும் வாழையிலையும் காப்பித்தூளும் நின்றன. வாங்க வருவோர் செம்பூரிலிருந்து வண்டியேறி வருகின்றனர். பழைய மூன்றடுக்குக் கட்டடங்களும் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு இருபது மாடிகள் எழுகின்றன.

மேற்கேயும் இடிப்பு நெருங்கிவிட்டது. தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தம் 2022ஆம் ஆண்டில் முடிவாயிற்று. வீடு வீடாகக் கணக்கெடுப்பும் நடந்தது. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதைக் காட்டுவோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு; காட்ட முடியாதவர்க்கு வேறிடம். காட்டுவது என்றால் காகிதத்தால் காட்டுவது. மூன்று தலைமுறையாக ஒரே சந்தில் வாழ்ந்தவர் ரேஷன் அட்டையின் கிழிந்த மூலையைத் தேடிக்கொண்டிருப்பதை நாம் கண்டோம். கோப்புகளோடு வாழும் எமக்குக் காகிதத்தின் வலிமை தெரியும்; எனினும் அன்று அது கசந்தது.

ஆகவே இச்சிறு கட்டுரையை ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகின்றோம். பழைய வாடகைச் சீட்டு, சந்தா ரசீது, பள்ளிச் சான்று, கோயில் விழா அழைப்பிதழ், புகைப்படம் ஆகியவற்றில் எது இருந்தாலும், கிழக்கோ மேற்கோ, அன்பர்கள் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வந்தால் படியெடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம். மேற்கிலிருந்து வருவனவற்றை முதலில் படியெடுப்போம். அங்கே காலம் குறைவு. எம் பங்காகப் பாட்டனார் பணிமனைக்குள் நுழையும்போது காட்டிய பித்தளைப் பில்லையைச் சென்ற வாரமே அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டோம். எண் தேய்ந்திருக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.